சித்தி விழித்துவிட்டாள், உடம்பு விழிக்கவில்லை: ஆபரேஷனில் போடும் தசைத்தளர்வு மருந்து பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தூக்கணாங்குருவி:

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். அடுத்த வாரம் லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன். முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்களாம். அம்மாவுக்குக் கத்தி மேல் பயமில்லை, மயக்க மருந்து மேல்தான் பயம். காரணம் என் சித்தி, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை.

12 வருடங்களுக்கு முன்னால் சித்திக்குக் குடல்வால் ஆபரேஷன். ராத்திரியில் அவசரமாகச் செய்தார்கள். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது என்று சர்ஜன் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆனால் சித்தியை வெளியே கொண்டுவரவில்லை. "மூச்சு இன்னும் தானா வரல, மெஷின்ல வச்சிருக்கோம்" என்றார்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது டியூபை எடுக்க.

மறுநாள் சித்தி சொன்னது இது: "எல்லாமே கேட்டுச்சு. 'முடிஞ்சிருச்சும்மா, கண்ணத் திறங்க'ன்னு ஒருத்தர் கூப்பிடுறாரு. திறக்கணும்னு நினைக்கிறேன், இமை கனக்குது. கைய அசைச்சுக் காட்டலாம்னா விரல்கூட வரல. கத்தினா சத்தமே இல்ல." வீட்டில் யாரும் நம்பவில்லை. மயக்கத்தில் கண்ட கனவு என்று சொல்லி மூடிவிட்டார்கள். "அவளுக்கு மயக்க மருந்து ஒத்துக்காது" என்பது மட்டும் எங்கள் வீட்டில் நின்றுவிட்டது.

இப்போது தேடிப் பார்த்தால் ஆபரேஷனில் தசையைத் தளர்த்தும் மருந்து ஒன்று தனியாகப் போடுவார்கள் என்று இருக்கிறது. அதுதான் காரணமா? இன்னொன்று. அம்மா முதுகுவலிக்குத் தசைத்தளர்வு மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் அம்மாவுக்கு இது ஒத்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்ளலாமா?


கடைசிபெஞ்ச்:

டோஸ் கூடிப் போயிருக்கும், வேறென்ன? வெளியே சொல்ல மாட்டார்கள். அம்மா விஷயத்தில் தசைத்தளர்வு மருந்தே வேண்டாம், மயக்கம் மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். தூங்குகிற ஆளுக்குத் தசையை வேறு எதற்குத் தளர்த்த வேண்டும்?


மயக்கமருந்துக்காரன்:

18 வருடமாகத் தியேட்டரில் மயக்க மருந்து கொடுப்பதுதான் என் வேலை. முதலில் கடைசிபெஞ்ச் தம்பியின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், அது நல்ல கேள்வி.

நன்றாகத் தூங்குகிற ஆளுக்கும் உடம்பு விறைக்கும், இருமும், வெட்டினால் இழுத்துக்கொள்ளும். தொண்டைக்குள் டியூப் நுழைக்கப் போனால் குரல்நாண்கள் இறுக மூடிக்கொள்ளும். அதை மீறித் தள்ளினால் குரல்நாண் காயம்படும், ஆபரேஷன் முடிந்து பல நாள் குரல் கம்மியே கிடக்கும். லேப்ராஸ்கோபியில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை அடைத்துக் கூடாரம்போல் உப்பவைத்துத்தான் வேலை செய்ய இடமே கிடைக்கிறது. பித்தக்குழாய் பக்கத்தில் கருவி இருக்கும்போது நோயாளி ஒரு தடவை இருமினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்தை மட்டும் ஏற்றி ஏற்றி இத்தனையையும் அடக்கலாம்தான். ஆனால் அதற்கு வேண்டிய அளவு கொடுத்தால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். அதனால்தான் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறோம்: தூக்கத்துக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, தசைக்கு ஒன்று.

தசைக்கான மருந்து தசைக்கு மட்டும்தான். தூங்க வைக்காது, வலியைக் குறைக்காது. சித்தி சொன்னதைக் கனவு என்று தள்ளிவிட்டதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அவர் சொல்கிற ஒவ்வொரு வரியும் விழிப்பு வந்த பிறகும் தசை கட்டுண்டு கிடக்கிற ஆள் சொல்வது.

அது எப்படி நடக்கிறது? நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் கிளம்பி, தசையின் மேல் இருக்கும் ஏற்பியில் போய் உட்கார்ந்தால்தான் தசை சுருங்கும். ரோகுரோனியம், வெக்குரோனியம், அட்ரகூரியம் போன்ற மருந்துகள் பஸ் சீட்டில் துண்டு போட்ட மாதிரி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அசிட்டைல்கோலின் வந்து நின்றுவிட்டுப் போகவேண்டியதுதான். மூளையிலிருந்து கட்டளை வருகிறது, தசைக்குச் சேரவில்லை. இன்னொரு வகை சக்ஸமெத்தோனியம், தியேட்டரில் ஸ்கோலின் என்போம். இது உட்காரும்போது தசையை ஒரு தடவை சுருங்க வைத்துவிட்டு, பிறகு எழுந்துபோகாமல் அப்படியே இருக்கும். ஊசி போட்ட அரை நிமிடத்தில் முகம், தோள், தொடை என்று தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் ஓடுவது கண்ணுக்கே தெரியும். அப்புறம் எல்லாம் அடங்கிவிடும்.

கண்ணும் முகமும் தொண்டையும் சீக்கிரம் தளரும். மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் நன்றாகத் தாக்குப்பிடிக்கும், ஆனால் போடுகிற அளவுக்கு அதுவும் நின்றுவிடும். இதயத்துக்கு இதில் சம்பந்தமில்லை, அது வேறு வகைத் தசை. ஆக, மருந்து போட்ட நிமிடத்திலிருந்து அந்த ஆளின் மூச்சு எங்கள் கையில்.

முதுகுவலி மாத்திரையை வைத்து எதையும் கணிக்க வேண்டாம். தயோகோல்சிகோசைடு, டிசானிடின், பேக்லோஃபென் எல்லாம் மூளை, தண்டுவடம் பக்கம் வேலை செய்பவை. பெயர் மட்டும்தான் ஒன்று, வேலை செய்யும் இடம் வேறு.


தூக்கணாங்குருவி:

நன்றி டாக்டர். "சித்தி சொன்னது கனவு இல்லை" என்பதைப் படித்ததும் அவளுக்கு அப்படியே அனுப்பினேன். பதில் இல்லை. அரை மணி கழித்து போன் செய்து அழுதாள்.

ஆனால் கடைசிபெஞ்ச் சொன்ன மாதிரி டோஸ் கூடியதாலா?


மயக்கமருந்துக்காரன்:

பார்க்காமல் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் ராத்திரி, அவசரக் கேஸ், முக்கால் மணி நேர ஆபரேஷன், நாலு மணி நேரம் மூச்சு இல்லை. இந்த நாலையும் ஒன்றாக வைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது ஸ்கோலின்.

அவசரக் கேஸில் வயிறு காலியாக இருக்காது. வாந்தி நுரையீரலுக்குள் போகுமுன் டியூபைப் போட்டுவிட வேண்டும். ஸ்கோலின் ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்யும், 5 முதல் 10 நிமிடத்தில் தானே விலகிவிடும். விலகுவதற்குக் காரணம் ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி, சூடோகோலினெஸ்டரேஸ். போட்ட மருந்தில் பெரும்பகுதியைத் தசைக்குப் போகிற வழியிலேயே அது தின்றுவிடும். சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி சரியாக அமைவதில்லை. அவர்களுக்கு வழக்கமான அதே டோஸ்தான் போட்டிருப்பார்கள், ஆனால் பத்து நிமிட மருந்து மணிக்கணக்கில் நிற்கும். ஸ்கோலின் ஆப்னியா என்று பெயர். கல்லீரல் கெட்டிருந்தாலும், கர்ப்ப காலத்திலும் நொதி குறையும், ஆனால் அதில் இவ்வளவு நேரம் இழுக்காது.

இதை முறிக்கும் மாற்று ஊசி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வென்டிலேட்டரில் வைத்து, மருந்து தானே கரையும்வரை காத்திருப்பதுதான் வைத்தியம். காத்திருக்கும் நேரம் முழுக்க நோயாளியைத் தூக்கத்திலேயே வைக்க வேண்டும். சித்தி விஷயத்தில் அங்கேதான் சறுக்கியிருக்கிறது. ஆபரேஷன் முடிந்ததென்று தூக்க மருந்தை நிறுத்தியிருப்பார்கள். மூச்சு வரவில்லை என்று தெரிந்து, ஏன் என்று பிடிபட்டு, மறுபடி தூங்கவைக்கும்வரை அவர் முழித்தபடி கிடந்திருக்கிறார். மருந்து ஒத்துக்கொள்ளாதது யார் தப்பும் இல்லை. மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து "இப்படி ஆகிவிட்டது, உங்கள் உடம்பில் இன்ன நொதி குறைவாக இருக்கலாம், கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று யாரும் சொல்லாமல் விட்டதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஏனென்றால் இது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு குறைபாட்டு மரபணு வந்தால்தான் முழுதாக வெளிப்படும். உங்கள் தாத்தா பாட்டி இருவரும் ஆளுக்கொன்று சுமந்தவர்களாக இருந்தால், சித்திக்கு வந்த அதே ஜோடி உங்கள் அம்மாவுக்கும் வந்திருக்க நாலில் ஒரு வாய்ப்பு. அம்மா இதற்கு முன் முழு மயக்கத்தில் போயிருக்கிறாரா?


தூக்கணாங்குருவி:

இல்லை டாக்டர். நான் பிறந்தது சிசேரியன், ஆனால் முதுகில் ஊசி போட்டுத்தான்.


மயக்கமருந்துக்காரன்:

அப்படியானால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. முதுகு ஊசியில் இந்த மருந்துக்கு வேலையே இல்லை.


உப்புமூட்டை:

இழையைக் கடத்துவதற்கு மன்னிக்கவும். எனக்குப் போன வருடம் மூக்கில் சின்ன ஆபரேஷன். சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் கழுத்து, தோள், விலா எல்லாம் யாரோ நாலு பேர் சேர்ந்து அடித்துப்போட்ட மாதிரி வலி. மூக்கில் கைவைத்ததற்கு விலா ஏன் வலிக்கிறது? தியேட்டரில் என்னைக் கீழே போட்டுவிட்டார்கள் என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். புழு நெளிகிற மாதிரி என்று டாக்டர் எழுதியதைப் படித்ததும் சந்தேகம் வந்துவிட்டது.


மயக்கமருந்துக்காரன்:

சிரித்துவிட்டேன். உங்களை யாரும் கீழே போடவில்லை. ஸ்கோலினுக்குப் பிறகு வரும் தசைவலி இது. மறுநாள்தான் தெரியும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். கட்டிலில் படுத்துக்கிடக்கும் நோயாளியைவிட, உங்களை மாதிரி அன்றே எழுந்து நடமாடுகிறவர்களைத்தான் அதிகம் படுத்தும். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் ஒரு வருடம் தியேட்டர்காரர்களைத் திட்டியிருக்க மாட்டீர்கள்.

ஸ்கோலினின் பெரிய தொந்தரவுகள் வேறு. ரத்தத்தில் பொட்டாசியம் கொஞ்சம் ஏறும். சாதாரண ஆளுக்கு அது பொருட்டல்ல. பெரிய தீக்காயம் பட்டுச் சில நாள் ஆனவர்கள், பக்கவாதம் அல்லது தண்டுவட அடிபட்டுத் தசை செயலிழந்தவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ள பையன்கள், இவர்களுக்கு அது இதயத்தையே நிறுத்தும் அளவுக்கு ஏறலாம். அந்தப் பட்டியலில் வருகிறவர்களுக்கு ஸ்கோலினைத் தொடக்கூட மாட்டோம்.


ஏட்டுச்சுரைக்காய்:

நான் மருத்துவன் இல்லை, பழங்கதை படிப்பவன். இந்த மருந்து பிறந்ததே தென் அமெரிக்கக் காட்டில் அம்பு முனையில் தடவிய குராரே என்னும் நஞ்சிலிருந்து. அம்பு பட்ட விலங்கு வலியால் துடிக்காது, அப்படியே தொய்ந்து விழும். மூச்சு நின்றுதான் சாகும். 1814-ல் சார்லஸ் வாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் ஒரு கழுதைக்கு இந்த நஞ்சைக் கொடுத்து, மூச்சுக்குழலில் துருத்தியை வைத்து மணிக்கணக்கில் ஊதினார். நஞ்சு இறங்கியதும் கழுதை எழுந்து நின்றது. இன்றைய வென்டிலேட்டர் செய்வதும் அதே வேலைதானே! பிரான்சில் குளோடு பெர்னார்டு தவளைகளை வைத்து, இது நரம்பையும் கெடுக்கவில்லை, தசையையும் கெடுக்கவில்லை, இரண்டும் சேரும் இடத்தில்தான் கைவைக்கிறது என்று காட்டினார்.

ஆபரேஷனுக்குள் இது வந்தது 1942 ஜனவரி 23. மான்ட்ரியலில் ஹெரால்டு கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் ஒரு குடல்வால் ஆபரேஷனில் போட்டார்கள். (குடல்வால்தான் அங்கேயும்.)

சித்தி கதைக்கு நெருக்கமானது 1947-ல் நடந்தது. குராரே வலியையும் நினைவையும் போக்குமா என்று மருத்துவர்களுக்குள்ளேயே குழப்பம் இருந்த காலம். ஸ்காட் ஸ்மித் என்ற மயக்கவியல் மருத்துவர் தனக்கே அதைப் போட்டுக்கொண்டார், மூச்சை நிறுத்தப் போதுமான அளவைப்போல் இரண்டரை மடங்கு. மயக்க மருந்து எதுவும் இல்லாமல். உடம்பு மொத்தமும் கட்டிப்போட்ட மாதிரி ஆயிற்று. முடிந்ததும் சுற்றியிருந்தவர்கள் பேசியது, செய்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். வலியும் அப்படியே தெரிந்தது என்றார். அந்த மனிதர் தெரிந்தே படுத்தார், சித்தி தெரியாமல் படுத்தார்.


தூக்கணாங்குருவி:

இதைப் படித்ததும் எனக்கே மூச்சு முட்டுகிறது. அம்மாவிடம் இதைக் காட்டப் போவதில்லை. ஆபரேஷன் நடுவில் முழித்துக்கொண்டால் யாருக்குமே தெரியாதா டாக்டர்?


மயக்கமருந்துக்காரன்:

பிரிட்டனில் இதைப் பற்றி நாடு முழுக்கக் கணக்கெடுத்து 2014-ல் வெளியிட்டார்கள். முழு மயக்கத்தில் போனவர்களில் பிறகு தாங்களாகவே "எனக்கு நினைவிருந்தது" என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 19,000 பேரில் ஒருவர். தசைத்தளர்வு மருந்து போட்டவர்களை மட்டும் எடுத்தால் ஏறத்தாழ 8,000-ல் ஒருவர். போடாதவர்களில் 1,36,000-ல் ஒருவர். காரணம் எளிது. தளர்வு மருந்து இல்லாவிட்டால் மயக்கம் குறையும்போதே கையோ காலோ அசைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால்தான் தசை கட்டுண்டிருக்கும்போது தூக்க மருந்து ஓடுகிறதா என்பதில் கண் இருக்க வேண்டும். மூச்சில் வெளிவரும் மயக்க வாயுவின் அளவு மானிட்டரில் ஓடிக்கொண்டே இருக்கும். நரம்பு வழியாகவே தூக்க மருந்து கொடுத்தால் நெற்றியில் பட்டை ஒட்டி மூளை அலையைப் பார்க்கலாம். அந்தக் கணக்கெடுப்பில் பாதிக்குப் பாதி தூங்கவைக்கும் நேரத்தில் நடந்தவை, ஒரு பகுதி சித்திக்கு ஆனதுபோல் விழிக்கும் நேரத்தில். நடு ஆபரேஷனில் வெட்டும்போது முழிப்பது என்று சினிமாவில் காட்டுவது அதில் ஒரு பங்குதான்.


நைட்ஷிப்ட்:

ரெகவரி அறையில் 9 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். எல்லோரும் ஸ்கோலினைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வாரா வாரம் பார்ப்பது வேறு. நல்ல மருந்து, சரியான டோஸ், மாற்று ஊசியும் போட்டாயிற்று, ஆனால் மருந்து முழுதாக இறங்காமலே எங்களிடம் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அந்த ஆளைப் பார்த்தாலே தெரியும். கையைத் தூக்கப் போவார், பாதியில் வெட்டி வெட்டி விழும், தரையில் போட்ட மீன் மாதிரி. கண்ணைத் திறந்தால் இமை நிற்காது. "ரெண்டு ரெண்டா தெரியுது" என்பார்கள். எச்சிலை விழுங்கத் தெரியாது, கடைவாயில் வழியும். முகத்தில் ஒரு திகில் இருக்கும். "மூச்சு முட்டுது" என்று சொல்லக்கூட முழுக் குரல் வராது. பக்கத்தில் நிற்கும் புதுப்பிள்ளைகள் "பயப்படாதீங்க, மயக்கம் தெளியுது" என்று தட்டிக்கொடுப்பார்கள். ஆக்சிஜன் அளவு 98 காட்டும், ஏனென்றால் முகமூடியில் ஆக்சிஜன் ஓடுகிறது. அந்த 98-ஐப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது என்பதுதான் நான் அவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது. நான் அப்போதே மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிடுவேன். சிலர் வருவார்கள், சிலர் போனிலேயே "கொஞ்ச நேரத்துல சரியாயிடும் சிஸ்டர்" என்பார்கள்.


தியேட்டர்வாசி:

நைட்ஷிப்ட் சிஸ்டர் சொல்வது மிகை. நானும் மயக்கவியல்தான், 26 வருடம். தலையை அஞ்சு செகண்டு தூக்கச் சொல்கிறேன், கையைப் பிடித்து அழுத்தச் சொல்கிறேன், மூச்சின் ஆழத்தைப் பார்க்கிறேன், நியோஸ்டிக்மின் என்ற மாற்று ஊசியைப் போடுகிறேன், டியூபை எடுக்கிறேன். இத்தனை வருடத்தில் என் கையில் ஒருவரும் போகவில்லை. எல்லாக் கேஸிலும் மெஷினை மாட்டிக் கட்டை விரல் துடிப்பதை எண்ணிக்கொண்டிருந்தால் அன்றைய லிஸ்ட் முடியாது.


மயக்கமருந்துக்காரன்:

சார், உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த ஒன்றில் ஒத்துப்போக முடியவில்லை. நானும் முதல் பத்து வருடம் உங்கள் மாதிரிதான் செய்தேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

படிப்பவர்களுக்காக: மணிக்கட்டில் நரம்புக்கு மேல் இரண்டு பட்டை ஒட்டி, அரை விநாடிக்கு ஒன்றாக நாலு மின்துடிப்பு கொடுப்பார்கள். கட்டை விரல் நாலு தடவை துடிக்கும். டிரெயின் ஆஃப் ஃபோர் என்று பெயர். தளர்வு மருந்து மிச்சமிருந்தால் நாலாவது துடிப்பு முதலாவதைவிடத் தளர்ந்து வரும். நாலாவது முதலாவதில் 90 சதவீதமாவது இருந்தால்தான் டியூபை எடுக்கலாம். விரலைக் கையால் தொட்டுப் பார்த்தால், 40 சதவீதத்தைத் தாண்டியதும் நாலும் ஒரே மாதிரிதான் தோன்றும். எப்பேர்ப்பட்ட கைக்கும் அப்படித்தான். ஆக 40-க்கும் 90-க்கும் நடுவே நாம் குருடர்கள். தலையைத் தூக்குவது 60 சதவீதத்திலேயே முடிந்துவிடும், ஆனால் தொண்டைத் தசைக்கு 90 வேண்டும். தலையைத் தூக்கிக் காட்டியவர்தான் அறைக்குப் போய் எச்சிலைப் புரையேற்றிக்கொள்கிறார்.

"ஒரே ஒரு டோஸ்தான் போட்டேன், இரண்டு மணி நேரம் ஆயிற்று, இறங்கியிருக்கும்" என்பதும் நம்பத் தகுந்ததல்ல. 2003-ல் வந்த ஓர் ஆய்வில் அப்படி ஒரே டோஸ் போட்டு, மாற்று ஊசி கொடுக்காமல் விட்டவர்களை அளந்தார்கள். இரண்டு மணி நேரம் தாண்டியவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 90-ஐத் தொடவில்லை. உடம்பு குளிர்ந்திருந்தால் இன்னும் நிற்கும். மெக்னீசியம் கொடுத்திருந்தாலும் ஜென்டமைசின் வகை ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தாலும் அப்படியே. அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டியும் எண் காட்டும் கருவியால் கட்டை விரலில் அளக்கத்தான் சொல்கிறது.

உங்கள் கையில் யாரும் போகவில்லை சார், உண்மை. ஆனால் மூன்றாம் நாள் வார்டில் நிமோனியா வந்தவர் யார் கணக்கில் எழுதப்பட்டார் என்று நம் இருவருக்குமே தெரியாது.


தியேட்டர்வாசி:

கருவி எல்லா இடத்திலும் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஆனால் அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை.


ரெண்டாம்கருத்து:

மாற்று ஊசி என்கிறீர்களே, அதுவும் இரண்டு வகை இருக்கிறதாமே? எதைக் கேட்டு வாங்க வேண்டும்?


மயக்கமருந்துக்காரன்:

கேட்டு வாங்குகிற பொருள் இல்லை, தெரிந்துகொள்ளுங்கள். நியோஸ்டிக்மின் பழையது. அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியை அது தடுக்கும். அசிட்டைல்கோலின் கூட்டம் சேர்ந்து, துண்டு போட்டவனை முண்டித் தள்ளிவிடும். ஆனால் தசை ஓரளவு தானே தெளிந்திருந்தால்தான் வேலை செய்யும், பத்து நிமிடமாவது ஆகும். இதயத் துடிப்பைக் குறைப்பதால் கூடவே கிளைக்கோபைரோலேட் போடுவோம். அதனால் வாய் வறளும்.

சுகாமாடெக்ஸ் புதியது, ஐரோப்பாவில் 2008-லும் அமெரிக்காவில் 2015 கடைசியிலும் அனுமதி கிடைத்தது. சர்க்கரை மூலக்கூறுகள் சேர்ந்த ஒரு வளையம், ரோகுரோனியத்தைத் தனக்குள் விழுங்கி மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிடத்தில் ஆள் தெளிந்துவிடுவார். வெக்குரோனியத்துக்கும் சரி. அட்ரகூரியத்துக்கும் ஸ்கோலினுக்கும் இது உதவாது. அரிதாக ஒவ்வாமை வரும், துடிப்பு குறையும். பெண்கள் கவனிக்க: கருத்தடை மாத்திரையின் ஹார்மோனையும் இது கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒரு மாத்திரை விட்டுப்போனதாகக் கணக்கு. அடுத்த 7 நாளுக்கு ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பும் வேண்டும். இதைச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வாமை என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆபரேஷனின்போது வரும் கடும் ஒவ்வாமைகளில் ஆன்டிபயாடிக்குக்கு அடுத்தபடி அடிக்கடி மாட்டுவது தசைத்தளர்வு மருந்துகள்தான். முதல் தடவை போடும்போதே வரலாம். ஃபோல்கோடின் என்ற இருமல் மருந்து உடம்பை முன்னதாகவே தூண்டிவிடுகிறது என்று தெரிந்து, ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் அதை 2022-23-ல் சந்தையிலிருந்து எடுத்தே விட்டார்கள். மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற தசை சீக்கிரம் சோர்ந்துபோகும் நோய் உள்ளவர்களும் கட்டாயம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ரோகுரோனியம் வகையில் துளி போட்டாலே அவர்களுக்கு அதிகம்.


ஏட்டுச்சுரைக்காய்:

குடும்ப வரலாறு என்றதும் இன்னொரு கதை. 1960-களின் தொடக்கத்தில் மெல்போர்னில் கால் உடைந்து வந்த இளைஞர் ஒருவர் காலைவிட மயக்க மருந்துக்குத்தான் பயந்தாராம். சொந்தத்தில் பத்துப் பேர் மயக்க மருந்தில் இறந்திருந்தார்கள். மருத்துவர்கள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதால்தான் மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்ற நோயே பிடிபட்டது. ஸ்கோலினும் மயக்க வாயுக்களும் அதைத் தூண்டும். உடம்பு கொதிக்கும், தசை விறைக்கும். டான்ட்ரோலீன் என்ற மருந்து வந்த பிறகு பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.


தூக்கணாங்குருவி:

வந்துவிட்டேன். அம்மா வீட்டுக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது, நன்றாக இருக்கிறாள்.

மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கும்போது நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "சித்தியோட பழைய காகிதம் ஏதாவது இருக்கா?" என்றார். சித்தி பீரோவின் அடித்தட்டில் துணிக்கு நடுவே வைத்திருந்தாள். டிஸ்சார்ஜ் தாளின் பின்பக்கம், ஒரு ஓரத்தில், பேனாவில்: "ஸ்கோலின் 100 மி.கி., மூச்சு திரும்பத் தாமதம், 4 மணி 20 நிமிடம் வென்டிலேட்டர்." முன்பக்கம் "சிக்கல் எதுவுமில்லை" என்று இருந்தது. 12 வருடம் அந்தத் தாள் வீட்டிலேயே இருந்திருக்கிறது, யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கும் சித்திக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திருக்காமல் அம்மாவுக்கு ஸ்கோலின் போடுவதில்லை, ரோகுரோனியம் என்று முடிவு செய்தார். கட்டை விரல் கருவி இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இருக்கு, மாட்டிடுறேன்" என்றார். முடிந்து வந்ததும் அவரே "94 வந்தப்புறம்தான் எடுத்தேன்" என்றார். அம்மாவுக்குத் தொண்டை மட்டும் இரண்டு நாள் கரகரத்தது.

இன்று முடிவு வந்தது. அம்மாவின் நொதி சரியாக இருக்கிறது. சித்தியுடையது மிகக் குறைவு.

சித்தியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உங்க சித்தப்பாவ போனுக்குக் கூப்பிடு, அவர்கிட்ட நீயே சொல்லு, கனவு இல்லன்னு" என்றாள்.


நைட்ஷிப்ட்:

கண் கலங்கிவிட்டது தங்கச்சி. சித்தி பையில் எப்போதும் ஒரு அட்டை இருக்கட்டும். ஸ்கோலின் என்று மட்டும் எழுதினால் எல்லோருக்கும் புரியாது, சக்ஸமெத்தோனியம், சக்சினைல்கோலின் இரண்டு பெயரும் சேருங்கள். மிவாகுரியமும் எழுதுங்கள், அதையும் அதே நொதிதான் கரைக்கிறது. சித்தியின் பிள்ளைகளுக்கும் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடுங்கள்.


தூக்கணாங்குருவி:

எழுதிவிட்டேன் அக்கா. சித்தியின் மகன் அடுத்த மாதம் பல் பிடுங்கப் போகிறான். மரத்துப்போக ஊசிதான், முழு மயக்கம் இல்லையாம். இருந்தாலும் அட்டையில் ஒரு நகலை அவன் கையிலும் கொடுத்து அனுப்புகிறாள்.